விசை இழுத்த பிறகு

"ஸார், ஒரு விநாடியை எத்தனை துண்டா வெட்ட முடியும் உங்களால?"

லாபரட்டரி வாசலில் நின்றபடி இப்படிக் கேட்டவர் காக்கி உடுப்பில் இருந்தார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, நரை விழத் தொடங்கிய மீசை. அவர் மீதிருந்து மண்ணெண்ணெயும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த ஒரு வாசனை உள்ளே வந்தது.

நான் அப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். வகுப்பு முடிந்து, கால்வனோமீட்டர்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குன்னு சொன்னேள்னா, வெட்டிப் பாக்கலாம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உள்ளே வரலாங்களா?" என்று கேட்டுவிட்டு, பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். லாபரட்டரிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான்.

இந்தத் தொடரில் புரொபசர்களைப் பற்றியும், பரீட்சைகளைப் பற்றியும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் எழுதித் தீர்த்துவிட்டேன். நான் துப்பாக்கியைப் பற்றி எழுதுவேன் என்று என் வீட்டிலேயே யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பிறந்து, கொசுவைக்கூட விசிறியால் விரட்டி வளர்ந்தவன் நான். ஆனால் என் வாழ்நாளில் நான் மிகவும் மதித்த மனிதர்கள் நான்கைந்து பேரில் ஒருவர் துப்பாக்கிக்காரர்.

வருஷம் சரியாக நினைவில்லை. யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. அந்த ஆடியில் காவேரி அம்மா மண்டபத்துப் படிகளை முழுக்க மூடிக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

தோள் சொன்ன சாட்சி

அவர் பெயர் தாவூத். ஆயுதப் போலீஸில் நாயக், கான்ஸ்டபிளுக்கு ஒரு படி மேல். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் 'வாத்தியார்'. எந்தப் படை, எந்தப் போலீஸ் குடியிருப்பு லைன் என்று எழுதப் போவதில்லை. பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அங்கே வேலை பார்த்தவர்களின் பேரன் பேத்திகள் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள்.

"டிரிகரை இழுக்கறோம். குண்டு வெளியே போவுது. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் இருக்குதுங்க ஸார். யாரும் அதை ஒரு நேரமாவே நினைக்கறதில்ல. இப்ப எனக்குக் கொடுத்திருக்கற துப்பாக்கியில அந்த நேரம் நீளமா இருக்கு" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தோள்ல தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாயக் ஸார், அது கண் இமைக்கற நேரத்துல நடக்கற காரியம்."

"கண் இமைக்கறதெல்லாம் ரொம்பப் பெரிய நேரம் ஸார்" என்றார் தாவூத், நிதானமாக. "அதுக்குள்ள அந்த மாதிரி பத்து நேரம் அடங்கும்."

என் சிரிப்பு நின்றது. கண் இமைப்பது எவ்வளவு நேரம் என்பதைப் புத்தகத்தில் படித்தவன் நான். அவர் படிக்காமலே சொன்ன கணக்கு ஏறக்குறைய சரியாக இருந்தது.

துப்பாக்கியைத் தொட்டே அறியாத வாசகர்களுக்காக, அவர் அன்று எனக்கு விளக்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன். விரல் விசையை இழுத்ததும் உள்ளே ஒரு கொண்டி நழுவுகிறது. அதுவரை அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் ஓர் ஊசியை முன்னால் தள்ளுகிறது. ஊசி ஓடிப்போய்த் தோட்டாவின் அடியைக் குத்துகிறது. மருந்து பற்றுகிறது. அதன் பிறகுதான் குண்டு குழலுக்குள் ஓட ஆரம்பிக்கிறது. குழல் வாயை விட்டு அது வெளியேறும் வரைக்கும் துப்பாக்கி சுடுகிறவனின் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவன் மனது விசையை இழுத்த கணத்திலேயே வேலையை முடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நின்றுகொண்டு சுடுகிறவனின் கை ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. மூச்சும் நாடியும் குழலை ஆட்டிக்கொண்டே இருக்கும். இலக்கின் மேல் முனை வரும்போது விசையை இழுக்கிறான். அந்த ஊசி சோம்பேறியாக ஓடினால், குண்டு வெளியேறுவதற்குள் முனை இலக்கை விட்டு நகர்ந்திருக்கும்.

தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் காவேரிப் பாலத்தைக் கடந்துதான் கல்லூரிக்கு வருவேன். கீழே துறையில் துணி துவைப்பவர்கள் கல்லில் அடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரியும். சத்தம் அப்புறம் வரும். பையன்களுக்கு ஒலியின் வேகத்தைப் பற்றிச் சொல்ல அதைத்தான் உதாரணம் காட்டுவேன். காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவே இடைவெளி உண்டு என்பதை ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன எனக்கு, ஒரு மனிதன் அதைத் தன் உடம்பில் உணர முடியும் என்று மட்டும் தோன்றியதே இல்லை.

மணல் மூட்டைத் தீர்ப்பு

தாவூத் அந்த ஜில்லாவிலேயே நல்ல குறிகாரர். அவருடைய பழைய துப்பாக்கியின் மரக்கட்டை பிளந்துபோய் ரிப்பேருக்குச் சென்றது. அதற்குப் பதிலாக வேறொரு நம்பர் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் குண்டுகள் வட்டத்துக்கு வெளியே போக ஆரம்பித்தன.

சுபேதார் ராகவலு நாயுடுவிடம் போய் முறையிட்டார். சுபேதார் கண்டிப்பான மனிதர், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். துப்பாக்கியை வாங்கி, மணல் மூட்டை மேல் வைத்து, படுத்துக்கொண்டு ஐந்து குண்டுகள் சுட்டார். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள் ஒரு உள்ளங்கை அகலத்தில் விழுந்தன.

"துப்பாக்கியில ஒண்ணும் இல்ல தாவூத். கைய குறை சொல்ல மனசு வராம துப்பாக்கிய குறை சொல்லாத" என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன்பு தாவூத் மலேரியாவில் கிடந்து எழுந்திருந்தார். நரம்பு தளர்ந்துவிட்டது என்று லைன் முழுக்கப் பேச்சு.

"மணல் மூட்டை அசையாதுங்களே ஸார்" என்றார் என்னிடம். "அசையாத துப்பாக்கியில எப்ப வெடிச்சா என்ன? லேட்டா போனாலும் அதே எடத்துக்குத்தானே போவும். மனுஷன் கையில இருக்கறப்பத்தான் அந்த லேட்டு தெரியும்."

இவ்வளவு எளிமையான நியாயத்தை நானாக யோசித்திருப்பேனா என்று இன்றும் சந்தேகம்தான்.

"இதை சுபேதார்கிட்ட சொன்னேளா?"

"சொன்னேன். 'காட்டு'ன்னாரு. எதைக் காட்டுறது? அதான் உங்ககிட்ட வந்தேன்."

ஜட்காவில் போன லாபரட்டரி

எங்கள் புரொபசருக்குப் புதிதாக எதையாவது அளக்க வேண்டும் என்றால் சாப்பாடு வேண்டாம். அவரே போலீஸ் துரைக்குக் கடிதம் எழுதினார். துரைக்கும் விநோதமாக இருந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மணப்பாறை ரோட்டில் பாறைக்குன்றின் அடியில் இருந்த சுடும் மைதானத்தில் சோதனை நடத்தலாம் என்று அனுமதி வந்தது.

வீட்டில் சொன்னதும் என் மனைவி வைதேகி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன்னா, துப்பாக்கியா? பெருமாளே! நீங்க தொடப் போறேளா?"

"நான் சக்கரம் மட்டும்தான் சுத்தப் போறேன்."

"எதைச் சுத்தினாலும் சரி, அதுக்கு முன்னாடி மட்டும் நிக்காதீங்கோ" என்றாள். பௌதிகத்தில் அதைவிடப் பயனுள்ள புத்திமதி எனக்கு யாரும் சொன்னதில்லை.

எங்கள் கருவி இதுதான். கையால் சுற்றும் ஓர் உருளை. அதன் மேல் வழவழப்பான காகிதத்தை ஒட்டி, மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரியேற்றிவிடுவோம். பக்கத்தில் ஓர் எஃகு இசைக்கவை. தட்டினால் ஒரே சுருதியில், விநாடிக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு தடவை அதிரும். அதன் நுனியிலுள்ள முள் கரியில் அலை அலையாகக் கோடு போடும். ஓர் அலை ஒரு துண்டு நேரம். தாவூத் கேட்டபடி விநாடியை வெட்டும் கத்தி அதுதான்.

விசையில் கொண்டி நழுவும் இடத்தில் ஒரு மெல்லிய தகடு, குழல் வாயின் குறுக்கே தலைமயிர் போன்ற செப்புக் கம்பி. இரண்டிலும் மின்சாரம் ஓடும்; தகடு விலகி அது அறும்போது காகிதத்தின் மேல் ஒரு முள் துள்ளும். குண்டு கம்பியை அறுக்கும்போது இன்னொரு முள் துள்ளும். இரண்டு துள்ளலுக்கும் நடுவே எத்தனை அலை என்று எண்ண வேண்டியதுதான்.

இவற்றையெல்லாம் வைக்கோல் வைத்துக் கட்டி ஒரு ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஜட்காக்காரர் விஷயம் தெரிந்ததும் குதிரையை அவிழ்த்துக்கொண்டு தூரத்துப் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்.

முதல் வெடி வெடித்தது. சத்தத்தில் நான் உருளையை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். காகிதத்தில் ஒரு கோடும் இல்லை. சுபேதார் வேறு பக்கம் பார்த்தபடி மீசையைத் தடவினார். சுட்டவர் அசையவில்லை, அளக்க வந்தவன் அசைந்துவிட்டேன்.

"பரவால்ல ஸார், எல்லாருக்கும் முதல் குண்டு அப்படித்தான்" என்றார் தாவூத்.

எட்டு அலை

கண்ணைக் கட்டிச் சுடச் சொல்லலாம் என்ற யோசனை புரொபசருடையது. சுபேதாருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரே மாதிரியான ஆறு துப்பாக்கிகள் வந்தன. கட்டையைத் தடவி அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று சுபேதாரே எல்லாவற்றுக்கும் சாக்குத்துணி சுற்றினார். தாவூத்தின் கண்ணில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டினார்.

மணல் மூட்டை மேல் குழல் குன்றைப் பார்த்து இருந்தது. தாவூத் படுத்தபடி சுடுவார், வாயால் சொல்வார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, அலைகளைப் பிறகு எண்ணுவேன். இதுதான் ஏற்பாடு.

முதல் வெடி. "சரியா இருக்கு."

இரண்டாவது. "இதுவும் சரி."

மூன்றாவது. கன்னத்தைக் கட்டையில் வைத்தபடியே கிடந்தார். "இதான் ஸார். இதான் என்னோடது. லேட்டு."

நான்காவது சரி என்றார். ஐந்தாவதில் நெற்றியைச் சுருக்கினார். "இதுவும் லேட்டு. ஆனா என்னோடது அளவுக்கு இல்ல. பாதி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் சுபேதார். அவர் குரலில் என்னவோ மாறியிருந்தது.

"யோசிச்சா தெரியாது ஸாப். லேட்டுதான்."

ஆறாவது சரி.

ஜட்காவின் நிழலில் உட்கார்ந்து லென்ஸ் வைத்து எண்ணினேன். புரொபசர் எனக்குப் பின்னால் நின்று தானும் எண்ணினார். ஐந்து அலை, ஐந்து அலை. மூன்றாவதில் எட்டு. மறுபடி எண்ணினேன், எட்டுதான். நான்காவது ஐந்து. ஐந்தாவது ஆறரை. ஆறாவது ஐந்து. இரண்டு முட்களையும் இடம் மாற்றி வைத்து, ஆறையும் திரும்பச் சுடச் சொன்னார் புரொபசர். அதே கணக்குதான் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். புரொபசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். விநாடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு வித்தியாசத்தை, கண்ணைக் கட்டிக்கொண்டு, தோளால் ஒரு மனிதர் அளந்திருக்கிறார். நாங்கள் ஜட்கா வைத்துக் கொண்டுவந்த சாமானெல்லாம் அவர் சொன்னதற்குச் சாட்சிக் கையெழுத்துத்தான் போட்டது.

"அந்த அஞ்சாவது யாரோடது?" என்று கேட்டேன்.

சுபேதார் சாக்குத்துணியைத் தானே அவிழ்த்தார். "என்னோடது" என்றார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு வருஷமா இதைத்தான் வச்சிருக்கேன். எனக்குத் தெரியலையே தாவூத்."

இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். ஸ்பிரிங் களைத்துப் போயிருந்தது. சுற்றிலும் பழைய கிரீஸ் மஞ்சள் மெழுகாக இறுகிக் கிடந்தது. தாவூத்தின் துப்பாக்கியில் அது நகத்தால் சுரண்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது.

சுபேதார் விறைப்பாக நின்று சொன்னார்: "நான் சொன்னது தப்பு. எல்லாரும் இருக்கறப்பவே சொல்றேன்." அங்கே இருந்த கான்ஸ்டபிள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் சந்தோஷம். தாவூத்தைத் தவிர.

திரும்பி வரும் வழியில்

கருவிகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று அவரும் ஜட்காவில் ஏறிக்கொண்டார். பாலக்கரை வரும்வரை பெட்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன நாயக் ஸார், ஜெயிச்சுட்டேளே" என்றேன்.

"ஸார், இந்தத் துப்பாக்கி எங்கிட்ட வந்து நாலு மாசம்தான் ஆவுது. அதுக்கு முன்னாடி இது பெரியசாமின்னு ஒரு ஆளுகிட்ட இருந்துச்சு."



"மணப்பாறைப் பக்கத்து ஆளு. நல்ல உடம்பு, நல்ல கண்ணு. ஆனா குறி வராது. 'வாத்தியாரே, இந்தத் துப்பாக்கி தூங்கித் தூங்கி எழுந்திருக்குது'ன்னான். நான் என்ன செஞ்சேன் தெரியுங்களா? மணல் மூட்டை மேல வச்சு அஞ்சு குண்டு சுட்டேன். அஞ்சும் உள்ள."

ஜட்கா ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் உருளைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எல்லார் முன்னாடியும் அவனைக் கேட்டேன், கைய குறை சொல்லத் துப்பில்லாம துப்பாக்கிய குறை சொல்றியான்னு. குறி தெரியாத ஆளு, லாயக்கில்லன்னு எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். வேலையிலேர்ந்து அனுப்பிட்டாங்க. அப்புறம் அதே நம்பர் எனக்கு வந்துச்சு. சுபேதார் அன்னிக்கு என்னைப் பாத்து அதே வார்த்தையைச் சொன்னாரு பாருங்க, அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த நேரம் பூரா அவன் மூஞ்சிதான் கண்ணுல நின்னுது."

"அப்போ நீங்க எங்கிட்ட வந்தது..."

"எனக்காவன்னா வேற துப்பாக்கி கேட்டு வாங்கியிருப்பேன் ஸார். சுபேதார் கோவிச்சாலும் கொடுத்திருப்பாரு. ஆனா அவன் சொன்னது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியணும். தோள் சொல்லுதுன்னு ஒருத்தனுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? காகிதத்துல இருக்கணும்."

அந்தக் கணம் வரை அவரை அபூர்வமான உடம்புணர்வு உள்ள ஒரு மனிதராகத்தான் நான் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு அப்படி மட்டும் பார்க்க முடியவில்லை.

மணப்பாறைச் சந்தை

அடுத்த சந்தை நாளில் இருவரும் ரயிலேறினோம். நான் எதற்கு என்று கேட்டதற்கு, "அலை எண்ணத் தெரிஞ்ச ஆளு நீங்கதானே. அவன் கேட்டா சொல்லணும்" என்றார். கையில், வார்னிஷில் முக்கிக் காயவைத்த அந்தக் கரிக்காகிதத் துண்டு இருந்தது. உடுப்பில்லாமல் வெள்ளைக் கைலியும் சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சந்தையில் புழுதி முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. கழுத்துமணிச் சத்தம், சாணி வாசனை, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள். ஒரு தரகரிடம் மாடு பிடித்துக் கொடுக்கும் வேலையில் பெரியசாமி இருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு கையிலும் இரண்டு காளைகளின் கயிறு.

தாவூத்தைக் கண்டதும் அவன் கால்கள் தாமாகச் சேர்ந்து விறைத்தன. கயிற்றை விடாமலே அட்டென்ஷனில் நின்றான். அப்புறம், இனி அதற்கு அவசியம் இல்லை என்பது நினைவுக்கு வந்ததுபோலத் தளர்ந்தான்.

"என்னங்க வாத்தியாரய்யா, மாடு வாங்க வந்தீங்களா?"

"உன்னைப் பாக்க வந்தேன். நீ அன்னிக்கு சொன்னது சரி பெரியசாமி. துப்பாக்கியிலதான் கோளாறு."

காகிதத்தை நீட்டினார். நான் விளக்கினேன். இது நல்ல துப்பாக்கி, ஐந்து அலை. இது உன்னுடையது, எட்டு. அவன் காகிதத்தை வாங்கவில்லை. கை இரண்டும் கயிற்றில் இருந்தன. குனிந்து பார்த்தான். உதடு அசைந்தது. எண்ணினான் என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்கு."

"எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

"ஆமா. எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

"எனக்குப் பேசி வச்சிருந்த பொண்ண வேற எடத்துல குடுத்துட்டாங்க. போலீஸ் மாப்பிள்ளன்னுதான் பேசினாங்க." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "போன தை மாசம் கல்யாணம். எங்க தெரு வழியாத்தான் போனாங்க."

தாவூத் தலையைக் குனியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதை என்னால திருப்பித் தர முடியாது. அல்லாவுக்குப் பதில் சொல்லிக்கறேன். வேலையை வாங்கித் தரப் பாக்கறேன். எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்றேன். நீ வருவியா?"

காளை ஒன்று கொம்பை ஆட்டியது. பெரியசாமி அதன் நெற்றியில் முழங்கையை வைத்து அழுத்தினான்.

"அப்படிச் சொன்னா உங்களுக்கு என்ன ஆவும்?"

"அது என் பாடு."

தரகர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். "கடுதாசி போடுங்க" என்றான் கடைசியில். போகும்போது, எதிர்பாராத விதமாக, அந்தக் காகிதத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். "எங்கப்பாகிட்ட காட்டணுங்க."

"அது எங்க ஸார் இருக்கு?"

துரைக்குப் போக வேண்டிய மனுவை, இரண்டாம் தடவை சுட்டபோது விழுந்த காகிதத்தை அதோடு இணைத்து, இங்கிலீஷில் நான்தான் எழுதினேன். அதற்கு முன் சுபேதார் தாவூத்தைக் கூப்பிட்டு நல்லபடியாகவே சொல்லிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் கெட்டுப்போச்சு, அதனால அந்த ஆளுக்குக் குறி வரலைன்னு எழுது. போதும். நீ மணல் மூட்டையில சோதிச்சது, திட்டினது, கையெழுத்துப் போட்டது, இதெல்லாம் எதுக்கு? வாத்தியார் வேலை போயிடும்யா."

"துப்பாக்கி வாத்தியார் நானே கையெழுத்துப் போட்டதாலதான் ஸாப் அவனை அனுப்பினாங்க. அதைச் சொல்லாம விட்டா, அந்தக் கையெழுத்து அப்படியே நிக்கும்."

நானும் சுபேதார் கட்சிதான். என் நண்பருக்குக் கெடுதல் வரக்கூடாது என்று, வார்த்தைகளைப் பஞ்சில் பொதிந்து எழுதினேன். அந்த நாளில் கிடைத்த வசதிகளைக் கொண்டு பார்க்கையில், தவறுதலாக ஒரு முடிவுக்கு வர நேர்ந்தது என்கிற ரீதியில்.

தாவூத்துக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. தமிழில் சொல்லச் சொன்னார். வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குங்க ஸார். ஆனா 'நான் சரியாப் பாக்கல, அந்த ஆளு சொன்னதை நான் கேக்கல'ன்னு இருக்கணுமே, அது எங்க ஸார் இருக்கு?" என்றார்.

இல்லை. திரும்ப எழுதினேன். அவர் சொன்ன இரண்டு வாக்கியமும் இங்கிலீஷில் ஒன்றரை வரிதான் வந்தது. மற்றதெல்லாம் தேவையே இல்லாமல் போயிற்று.

உத்தரவு

இரண்டு மாதத்துக்கு மேல் பதில் இல்லை. பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. எல்லாத் துப்பாக்கிகளின் ஸ்பிரிங்கையும் பார்த்து, களைத்துப் போனவற்றை மாற்ற வேண்டும். பெரியசாமிக்கு மறுபடி ஒரு குறிச் சோதனை வைக்க வேண்டும். தேறினால் பழைய இடத்திலேயே வேலை. நாயக் தாவூத் இனி பயிற்சி கொடுக்க வேண்டாம், மற்றவர்களோடு சேர்ந்து காவல் முறை பார்த்தால் போதும்.

செய்தியைக் கேட்டு அவரைத் தேடிக்கொண்டு லைனுக்குப் போனேன். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனவன், அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். வாசலில் உட்கார்ந்து பெல்ட்டின் பித்தளைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க ஸார், டீ சாப்பிடுவீங்களா, இல்ல நம்ம வீட்டுல சாப்பிட மாட்டீங்களா?" என்றார். சாப்பிட்டேன். ஸ்ரீரங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன், இனி யார் என்ன செய்ய முடியும்?

சோதனை நாளன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். காலை வெயில் குன்றின் மேல் மஞ்சளாக விழுந்திருந்தது. லைன் முழுக்க அணிவகுத்து நின்றது.

சுபேதாரின் அனுமதியுடன் தாவூத் இரண்டு அடி முன்னால் வந்தார். "பெரியசாமி குறி தெரியாத ஆளுன்னு நான் சொன்னேன். அது தப்பு. துப்பாக்கியிலதான் கோளாறு. அவன் சொன்னான், நான் கேக்கல." அவ்வளவுதான். சலாம் வைத்துவிட்டு வரிசைக்குத் திரும்பி, தான் கற்றுக்கொடுத்த ஆட்களின் நடுவே நின்றுகொண்டார்.

பெரியசாமி வந்தான். இரவல் உடுப்பு, சட்டைக் கை குட்டையாக இருந்தது. புது ஸ்பிரிங் போட்ட துப்பாக்கி. இருநூறு கஜம், நின்றுகொண்டு ஐந்து குண்டு.

நான் இலக்கைப் பார்த்தேன். எல்லோரும் இலக்கைத்தான் பார்த்தார்கள். தாவூத் மட்டும் பெரியசாமியின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வெடி. இலக்கின் அடியில் இருந்த குழியிலிருந்து அடையாளக் கொடி எழுந்து கறுப்பு வட்டத்துக்குள் காட்டியது. இரண்டாவது, உள்ளே. மூன்றாவது, உள்ளே. வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நான்காவது நடு மையத்துக்குப் பக்கத்தில்.

ஐந்தாவது வெடித்தது. கொடி வட்டத்தை விட்டு வெளியே, வலது பக்கம் போய் நின்றது.

நான்கு போதும் தேறுவதற்கு. ஆனாலும் சுபேதார் முகத்தைச் சுளித்தார். என்ன நினைத்தாரோ, வரிசையைப் பார்த்துத் திரும்பிக் கூப்பிட்டார்: "தாவூத்! அஞ்சாவது என்னய்யா ஆச்சு? இதுலயும் ஸ்பிரிங்கா?"

"இல்லைங்க ஸாப். துப்பாக்கி சரியாத்தான் வெடிச்சுது. அவன்தான் அவசரப்பட்டுட்டான்."

எல்லோரும் பெரியசாமியைப் பார்த்தார்கள்.

அவன் துப்பாக்கியை இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினான். முகமெல்லாம் வேர்வை. அன்று சந்தையில் ஒரு தடவைகூடப் பார்க்காத அவன் பல்வரிசையை அப்போதுதான் பார்த்தேன்.

"ஆமாங்க வாத்தியாரே" என்றான். "அது என் தப்புதாங்க!"